அருந்ததி வாங்கிய சவர்க்காரம்

எங்கள் ஊரில் சண்டை வரப்போகிறது என்பதைப் பத்திரிகை பார்த்து யாரும் அறிந்ததில்லை. முதலில் கடைகளில் சவர்க்காரம் தீரும். பிறகு நெருப்புப்பெட்டி, மெழுகுதிரி, மண்ணெண்ணெய். சீனியும் தீர்ந்துவிட்டதென்றால் கொழும்புப் பாதையைப் பூட்டப் போகிறார்கள் என்று பொருள். இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பிப்பதில்லை. ஆனால் யாழ்ப்பாணத்து இணுவிலில் ஐம்பது வயது தாண்டிய எவரை நித்திரையால் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். பொருளாதாரத் தடைக் காலத்தில் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தவர்கள் நாங்கள். கொடியில் காயப்போட்ட வேட்டியை மாடு வந்து சப்பிவிட்டுப் போன கதை எங்கள் வீட்டிலேயே உண்டு.

ஆகவே, சென்ற ஆனி மாதம் பிறந்த கையோடு ஒரு காலையில் அருந்ததி சந்திக் கடையில் ஒரு முழுப் பெட்டி சவர்க்காரம் வாங்கி, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போகிறாள் என்ற செய்தி, அவள் தன் வீட்டுப் படலையைத் திறப்பதற்கு முன்பே எங்கள் ஒழுங்கை முழுவதும் பரவிவிட்டது. என் மனைவி அருமைநாயகி அடுப்பில் வைத்த புட்டை மறந்துவிட்டு முற்றத்துக்கு ஓடி வந்தாள்.

"இஞ்சருங்கோ, அருந்ததி பெட்டியோடை சவுக்காரம் வாங்கிக்கொண்டு போறாள்."

"வாங்கினால் குளிப்பாள். உமக்கென்ன?"

"மாமியும் மருமோளும் ரெண்டு சீவன். அதுக்கு ஒரு பெட்டியோ? அவள் காரணமில்லாமல் வாங்கமாட்டாள். போனமுறை அவள் சொன்னதை ஆர் கேட்டது?"

எங்கள் வீட்டில் போனமுறை என்றால் போன கிழமை அல்ல. இரண்டாயிரத்து ஆறு. அருமைநாயகி பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். புட்டு கரிந்தது.

மத்தியானத்துக்குள் சந்திக் கடையில் சவர்க்காரம் இல்லை. பின்னேரம் உடுவில் பக்கக் கடைகளிலும் இல்லை. மறுநாள் பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பெண்கள் பெரிய பைகளோடு பஸ் ஏறியதை நானே கண்டேன். நான் ஓய்வுபெற்ற பஸ் சாரதி, சீவரத்தினம் என்று பெயர். பலாலி வீதியில் காலம் முழுக்க ஓட்டியவன். சனம் பையைப் பிடிக்கிற பிடியிலேயே அது சந்தைக்குப் போகிறதா, சாமான் பதுக்கப் போகிறதா என்று எனக்குத் தெரியும். அன்று பின்னேரம் கனடாவிலிருந்து ஒருவர் தொலைபேசி எடுத்து, "ஊரிலை ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டார். அவருக்கு அங்கே சவர்க்காரம் தாராளமாகக் கிடைக்கும். ஆனாலும் குரல் நடுங்கியது.

அருந்ததி பெரிய ஆள் அல்ல. அவளைப் பற்றி யாரும் எழுதப் போவதில்லை. செத்தால் முப்பத்தோராம் நாள் கல்வெட்டு என்று ஒரு சிறு புத்தகம் அடிப்பார்கள். படத்தைப் போட்டு, கற்பில் சிறந்தாள், சுற்றம் ஓம்பினாள் என்று நாலு வெண்பாப் பாடுவார்கள். எல்லாருடைய கல்வெட்டிலும் அதே வெண்பாதான், பெயர் மட்டும் மாறும். அதனால்தான் அவள் உயிரோடு இருக்கும்போதே நான் எழுதிவைக்கிறேன். அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு பனையோலை வேலி. வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்து அடைக்க வேண்டும். அடைக்கிற நாளில் வேலியில் ஊன்றிய கதியால் அரைச் சாண் இந்தப் பக்கம் வந்துவிட்டது, அந்தப் பக்கம் போய்விட்டது என்று நாங்கள் இரண்டு வீடும் கத்துவோம். பிறகு தேத்தண்ணி குடிப்போம். அடுத்த வருடம் மறுபடி கத்துவோம். மற்றபடி அவள் எனக்குக் கூடப்பிறக்காத தங்கச்சி.

அவள் உடுவிலில் பிறந்தவள். இணுவிலில் தியாகராசாவைக் கலியாணம் கட்டி வந்தாள். தியாகராசாவிடம் ஒரு லொறி இருந்தது. வெங்காயமும் பீற்றூட்டும் ஏற்றிக் கொழும்புக்குப் போவான், சிரிப்புக்கும் கதைக்கும் குறைவில்லாத மனிதன். இரண்டாயிரத்து இரண்டில் சண்டை நிறுத்தம் வந்தபோது அதைக் கண்காணிக்க வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள் அல்லவா, அவர்களில் சிலருக்குத் தங்க வீடு தேவைப்பட்டது. தியாகராசா தன் வீட்டின் முன்பக்கத்தை வாடகைக்குக் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு பின்பக்கத்துக்குப் போனான். படலைக்கு முன்னால் வெள்ளை வாகனம் நின்றது. எங்கள் ஒழுங்கைக்கே ஒரு மவுசு வந்தது.

இங்கேதான் நாங்கள் ஒரு பிழை விட்டோம். யாழ்ப்பாணத்தான் மட்டுமே விடக்கூடிய பிழை. நமக்குக் காணி உறுதியும் வீட்டு உடன்படிக்கையும் வேதவாக்கு. தியாகராசா அந்த வீட்டு உடன்படிக்கையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்தான். கழுத்துச் சிவந்த ஒரு நெடிய வெள்ளைக்காரர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பின் விறாந்தையில் வந்திருந்து, அருந்ததி போட்டுக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கையெழுத்து வைப்பார். உடனே தியாகராசா வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பான்.

"அண்ணை, புதுப்பிச்சாச்சு. இன்னும் ஆறு மாதத்துக்குப் பயமில்லை. சண்டை வாற இடத்திலை வெள்ளைக்காரன் வீடு எடுப்பானோ?"

ஊரே இதை நம்பியது. வளவுக்குள் கிணறு வெட்டத் தொடங்கியவர்களும், மகளுக்குக் கலியாண நாள் வைத்தவர்களும் முதலில் அவனிடம் வந்து, "என்ன தியாகு, புதுப்பிச்சிட்டினமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

இரண்டாயிரத்து ஆறு ஆடியில் கடைசியாகப் புதுப்பித்தார்கள். அடுத்த சில நாட்களில் சந்திக் கடையில் சவர்க்காரம் தீர்ந்தது. அருந்ததி கடையிலிருந்து வெறும் கையோடு திரும்பி வந்து புருஷனுக்குச் சொன்னாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இஞ்சருங்கோ, இந்தப் பயணம் வேண்டாம். கடையிலை சவுக்காரம் இல்லை."

"கடைக்காரன் பெரிசோ, வெள்ளைக்காரன் பெரிசோ? இப்பதானே மனிசன் கையெழுத்து வைச்சிட்டுப் போறான்" என்று தியாகராசா சிரித்தான்.

லொறியில் பீற்றூட் ஏற்றிக்கொண்டு விடிய வெளிக்கிட்டான். முகமாலைச் சோதனைச் சாவடியைத் தாண்டிப் போய்விட்டான். அன்று பின்னேரம் முகமாலையில் பீரங்கிச் செல் விழுந்தது, பாதை பூட்டுப்பட்டது. கிளிநொச்சியில் லொறியைக் கண்டதாக ஒருவர் சொன்னார். ஒருமுறை யாரோ மூலம், சுகமாக இருக்கிறேன் என்று செய்தி வந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. இருக்கிறானா இல்லையா என்று சொல்ல யாரும் இல்லை. அருந்ததி பொட்டை அழிக்கவில்லை. அழி என்று சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

வெள்ளைக்காரர் புறப்படும்போது பின் விறாந்தைக்கு வந்து அழுதுகொண்டு நின்றார். போகும்போது, உடன்படிக்கை தை மாதம் வரை செல்லும், வீட்டை வேறு ஆருக்கும் கொடுக்கத் தேவையில்லை என்றும் சொன்னார். நல்ல மனிதர். அருந்ததி இதை எனக்கு ஒரேயொரு தடவைதான் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன்.

அப்போது மகன் நிருஷன் பள்ளிக்கூடப் பொடியன். ரெண்டு பரப்புக் காணியில் வெங்காயமும் கோழிகளுமாக நின்று அவனை வளர்த்தாள். அவன் தொழில்நுட்பக் கல்லூரியில் ஜெனரேற்றர் வேலை படித்தான், வளைகுடாவுக்குப் போனான், அங்கே ஒரு கொம்பனியில் சேர்ந்தான். அந்தக் கொம்பனி அவனை எங்கே அனுப்பியது தெரியுமா? இரண்டு அயல் நாடுகளுக்கு நடுவில் கிடக்கிற ஒரு குன்றுக்கு. அங்கே சண்டை நிறுத்தத்தைக் கண்காணிக்கிற சர்வதேசப் படையின் முகாமுக்கு. அந்த நாடுகளின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் வாசிக்கிறவர் ஏதாவது ஒரு பக்கம் சாய்வார், பிறகு அருந்ததியை மறந்துவிடுவார்.

அவன் இடம் சொன்ன நாளில் அருந்ததி உலையில் அரிசி போடாமல் இருந்தாள். நான்தான் போய்ச் சத்தம் போட்டேன். நீலத் தொப்பிக்காரர் இருக்கிற முகாம், மருத்துவர் இருக்கிறார், மூன்று வேளையும் சாப்பாடு, எங்கள் பொடியள் கள்ளப் பாதையால் ஐரோப்பாவுக்குப் போய்ப் பனிக்காட்டில் சாகிறதை விட இது எவ்வளவோ மேல் என்றேன். எல்லாம் சரிதான் என்று தலையாட்டினாள்.

"அங்கையும் ஆறு மாதத்துக்கு ஒருக்கால் புதுப்பிக்கிறவையாம் அண்ணை" என்றாள்.

அது உண்மை. தூரதேசத்தில் பதினைந்து நாட்டுக்காரர் ஒரு மேசையைச் சுற்றி இருந்து கை தூக்குவார்கள். கை தூக்கினால் படை இன்னும் ஆறு மாதம் நிற்கும். தூக்காவிட்டால் மூட்டை கட்டும். இப்படி எத்தனையோ வருடமாகப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். எங்கள் வேலியைப் போலத்தான். ஓலை புதுசு என்பதற்காகச் சண்டை தீர்ந்தது என்று நாங்கள் நினைப்பதில்லை. அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

இந்த முறை புதுப்பிக்க மாட்டார்களாம் என்று ஒரு கதை அடிபட்டது. செலவு கூடிப்போயிற்று, போதும், ஆட்களைக் கூப்பிடுங்கள் என்று பெரிய நாடு ஒன்று முறுக்கிக்கொண்டு நிற்பதாக நிருஷன் சொன்னான். புதுப்பித்தால் அவன் இன்னொரு தவணைக்குக் கையெழுத்து வைப்பான். புதுப்பிக்காவிட்டால் வேலை முடிந்தது, வீட்டுக்கு வருவான். ஆனி நடுவில் வாக்கெடுப்பு. அந்தக் கிழமைகளில்தான் அருந்ததி தேயிலை வாங்கக் கடைக்குப் போனாள்.

சவர்க்காரக் கலவரம் முற்றிய அன்று நான் அவளிடம் போனேன். விறாந்தையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளை, ஊரையே கலக்கிப் போட்டாய்."

"நான் என்ன செய்தனான் அண்ணை?"

"சவுக்காரம்."

தலையைக் குனிந்துகொண்டாள். "இஞ்சை ஒண்டுமில்லை அண்ணை. அவன் நிக்கிற இடத்தை நினைச்சுத்தான்."

"அவன் நிக்கிற இடத்துக்கும் இணுவிலுக்கும் நடுவிலை ஒரு சமுத்திரமே கிடக்கு. அங்கை சண்டை வந்தால் இஞ்சை எதுக்குச் சவுக்காரம்?"

"தெரியேல்லை. தேயிலை வாங்கத்தான் போனனான். கை தானாய்ப் போட்டுது."

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. சந்திக்குப் போய், ஒன்றுமில்லை, அவள் மகனை நினைத்து வாங்கியிருக்கிறாள் என்று எல்லாருக்கும் விளக்கம் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. சீவரத்தினம் எதையோ மூடி மறைக்கிறார் என்று அங்கங்கே மிச்சம் இருந்ததையும் தேடி வாங்கினார்கள். இன்றைக்கும் எங்கள் அலுமாரியைத் திறந்தால் வேட்டி சால்வை எல்லாம் சவர்க்காரம் மணக்கிறது.

அருந்ததியின் மருமகள், நிருஷனின் மனைவி வினோஜாவுக்கு அப்போது வயிற்றில் ஐந்து மாதம். கெட்டிக்காரப் பிள்ளை. பல்கலைக்கழக வளாகத்தில் வேலை, நாளாந்தம் பஸ்ஸில் திருநெல்வேலிக்குப் போய் வருவாள். ஒரு வெள்ளிக்கிழமை நான் கந்தசுவாமி கோயிலுக்குப் போகும்போது என்னோடு கூட நடந்து வந்தவள், தான் ஒரு நேர்த்தி வைத்திருப்பதாக மெல்லச் சொன்னாள். படையைப் புதுப்பித்துவிட்டால் முருகனுக்குப் பாலபிஷேகமும் சிதறு தேங்காயும்.

"மாமிக்குச் சொல்லாதேங்கோ மாமா. அவர் இஞ்சை வந்தால் சும்மா இருக்கமாட்டார். ஏஜென்சிக்காரன் ஆரையும் பிடிச்சுப் பிரான்சுக்கு வெளிக்கிடுவார். அவரின்ரை சிநேகிதன் அப்பிடித்தான் போய்க் காட்டுக்குள்ளை கிடந்தவன். முகாம் எண்டால் எங்கை நிக்கிறார் எண்டாவது எனக்குத் தெரியும்."

நான் ஓம் என்றேன். பிள்ளை சொன்னதில் பிழை இல்லை. உள்ளே போனால் அருந்ததி வசந்த மண்டபத்துக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். அர்ச்சனை முடிந்து வெளியே வரும்போது என்னை ஒரு பக்கம் கூப்பிட்டாள்.

"அண்ணை, வினோஜாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. நான் ஒரு நேர்த்தி வைச்சிருக்கிறன். அவங்கள் கை தூக்காமல் விட்டால் பாலபிஷேகமும் சிதறு தேங்காயும்."

உலகத்தில் ஒரு சமாதானப் படை கலைந்து போக வேண்டும் என்று நேர்த்தி வைத்த ஒரே மனுஷி இவளாகத்தான் இருக்கும். ஒரே வீட்டில் ஒரே சோற்றைத் தின்கிற இரண்டு பேர், ஒரே மனிதனுக்காக, ஒரே முருகனிடம், நேர்மாறான இரண்டு வரம் கேட்டுவிட்டு ஒன்றாக விபூதி பூசிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். நான் பின்னால் போனேன். சிரிக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

நிருஷன் வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருவான். அருந்ததி அவனிடம் துவக்குச் சத்தம் கேட்கிறதா, செல் விழுந்ததா என்று ஒருநாளும் கேட்கமாட்டாள். முகாமுக்குக் கீழே ஒரு கிராமம் இருக்கிறது, அதில் ஒரு கிழவர் சாமான் கடை வைத்திருக்கிறார். அவள் அந்தக் கடையைப் பற்றித்தான் கேட்பாள்.

"கீழ்க் கடையிலை சவுக்காரம் கிடக்கோ தம்பி?"

அவன் சிரிப்பான். "கிடக்கம்மா. சுவர் முழுக்க அடுக்கி வைச்சிருக்கிறார். ஒலிவ் எண்ணெயிலை செய்யிறது, பச்சைக் கட்டி. உங்களுக்கு எத்தினை வேணும்?"

"எனக்கு வேண்டாம். அது அங்கை கிடந்தால் காணும்."

இது ஒரு பகிடியாகவே போய்விட்டது. முகாமில் மற்றப் பொடியளும், உன்ரை அம்மா சவுக்காரம் கேட்டவவோ என்று அவனைச் சீண்டுவார்களாம். அவன் சிரித்துவிட்டு வைத்த பிறகு அவள் எழும்பிக் கோழிக்குத் தீன் போடுவாள். அந்த அரை மணித்தியாலம்தான் அவள் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும்.

வாக்கெடுப்பு எங்கள் நேரத்துக்கு விளக்கு வைத்த பிறகு நடந்தது. வினோஜா தொலைபேசியைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு முன்னால் இருந்தாள். நாங்களும் போயிருந்தோம். கோட்டுப் போட்ட ஒருவர் ஏதோ வாசித்தார். வட்ட மேசையில் இருந்தவர்கள் எல்லாரும் கை தூக்கினார்கள். முறுக்கிக்கொண்டு நின்ற பெரிய நாடும் தூக்கியது. தேர்த் திருவிழாவில் அரோகரா சொல்லத் தூக்கினாலும் அதைவிட நேரம் எடுக்கும். வினோஜா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள், அது சந்தோஷ அழுகை. அருமைநாயகி ஓடிப்போய்ச் சர்க்கரை போட்டுப் பாயசம் வைத்தாள்.

அருந்ததி சுவரோடு சாய்ந்து இருந்தாள்.

"அப்பவும் புதுப்பிச்சவை" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நல்ல செய்தி வந்தாலும் உனக்குக் காய்ச்சல். அது வேறை, இது வேறை. வீட்டு உடன்படிக்கையும் உலகநாடுகள் எடுத்த முடிவும் ஒண்டோ? பிள்ளைத்தாச்சிப் பொம்பிளைக்கு முன்னாலை இதென்ன கதை?" என்று பேசினேன். அவள் பாயசத்தை வாங்கிக் குடித்தாள்.

அடுத்த வெள்ளி வினோஜா நேர்த்தியை நிறைவேற்றினாள். பாலபிஷேகம் முடிந்து அவள் தேங்காய் அடித்த பிறகு அருந்ததியும் ஒரு தேங்காயை எடுத்தாள். உன் நேர்த்திதான் பலிக்கவில்லையே, இது எதற்கு என்று நான் காதுக்குள் கேட்டேன்.

"முருகனுக்கு என்னிலை கோவம் வரக்கூடாது அண்ணை. பிள்ளை அவரின்ரை கையிலை எல்லோ நிக்கிறான்."

அவள் அடித்த தேங்காய் கல்லில் பட்டுச் சிதறாமல் உருண்டு ஓடியது. பக்கத்தில் நின்றவர் எடுத்துக் கொடுத்தார். இரண்டாம் தரம் உடைந்தது. எனக்கு இந்தச் சகுனங்களில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அது உடையும்வரை நான் கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஆடிப்பிறப்பன்று அருமைநாயகி கூழ் காய்ச்சினாள். வழக்கம்போல வேலிக்கு மேலால் ஒரு சட்டி கொடுத்தனுப்பாமல், சேர்ந்து குடிப்போம் என்று தூக்கிக்கொண்டு போனோம். பயறும் தேங்காய்ச் சொட்டும் போட்ட நல்ல கூழ். பலாவிலையைக் கோலி நாலு பேரும் குடித்துக்கொண்டிருந்தபோது நிருஷனின் அழைப்பு வந்தது. வினோஜா தொலைபேசியை நடுவில் வைத்தாள். முகம் தெரிந்தது. சவரம் செய்யாமல் இருந்தான்.

"கூழ் குடிச்சாச்சோ அம்மா?"

"குடிக்கிறம். நீ சாப்பிட்டியோ?"

"ஓம்."

"கீழ்க் கடையிலை சவுக்காரம் கிடக்கோ?"

நாங்கள் அவன் சிரிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் சிரிக்கவில்லை.

"இல்லையம்மா" என்றான். "நேற்றுப் பிளேட் வாங்கப் போனனான். அந்தச் சுவரிலை வெறும் பலகைதான் கிடக்கு. பொம்பிளையள் வந்து அள்ளிக்கொண்டு போயிட்டினமாம். நெருப்புப்பெட்டியும் இல்லை. கிழவர் தன்ரை வீட்டுக்கு வைச்சிருந்ததிலை ஒரு கட்டியை எடுத்து என்ரை கையிலை வைச்சார். காசு நீட்டினன், வாங்கேல்லை. என்ன விசயம் எண்டு கேட்டன். ஒண்டும் சொல்லாமல் உள்ளை போயிட்டார்."

"முகாமிலை என்ன சொல்லுகினம் தம்பி?" என்று நான் கேட்டேன்.

"ஒண்டும் சொல்லேல்லை மாமா. புதுப்பிச்சாச்சு, எல்லாம் வழமை போலை எண்டுகினம்."

வினோஜாவின் கையில் இருந்த பலாவிலை விரிந்து கூழ் மடியில் ஊற்றியது. அவள் கவனிக்கவில்லை. நான் சட்டென்று ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"டேய், இதுக்குப் போய்ப் பயப்பிடுறியோ? அங்கையும் உன்ரை அம்மா மாதிரி ஒருத்தி இருப்பாள். அவளின்ரை பிள்ளை வேறை எந்த நாட்டிலையோ நிக்கும். அவள் ஒரு பெட்டி வாங்கியிருப்பாள், அதைக் கண்டு மிச்சச் சனம் வாங்கியிருக்கும். இஞ்சை எங்கடை ஒழுங்கையிலை நடந்ததை நீயும் கேள்விப்பட்டனிதானே?"

அவன் கொஞ்சம் சிரித்தான். வினோஜாவும் சிரிக்கப் பார்த்தாள். நான் சொன்னது எனக்கே நல்ல நியாயமாகப் பட்டது.

"இருப்பாள் அண்ணை" என்றாள் அருந்ததி. "அவளும் எதையோ கண்டுதானே பயந்திருப்பாள்."

பிறகு மகனைப் பார்த்தாள். "நீ கையெழுத்து வைச்சிட்டியோ?"

"போன கிழமையே வைச்சிட்டன் அம்மா."

"விட்டிட்டு வா."

"இடையிலை விட்டிட்டு வரேலாது. பாஸ்போட் கொம்பனிக்காரனிட்டை. மார்கழியிலை லீவு தருவினம், பிள்ளையைப் பாக்க வருவன்தானே."

அவள் அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கூழ்ச் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டுத் தொலைபேசிக்குக் கிட்டப் போய் இருந்தாள். வெங்காயக் கன்று நடுகிறதைச் சொல்லிக் கொடுப்பது போல நிதானமாகக் கதைக்கத் தொடங்கினாள்.

"சரி. அப்ப நான் சொல்லுறதைக் கேள். இருக்கிற பாத்திரம் எல்லாத்திலையும் தண்ணி பிடிச்சு வை. குடிக்கிறதை வேறையா வை. யன்னலுக்குக் கிட்டப் படுக்காதை. கட்டிலை உள்சுவரோடை போடு. சப்பாத்தைக் கழட்டாமல் படு. பாஸ்போட்டை இண்டைக்கே கேட்டு வாங்கு, தரமாட்டன் எண்டால் போட்டோக் கொப்பியாவது எடுத்து இடுப்பிலை கட்டு. சத்தம் கேட்டால் எங்கை விழுந்தது எண்டு பாக்க வெளியிலை ஓடாதை. முதல் செல்லுக்கு ஓடிப்போய்ப் பாத்தவைதான் ரெண்டாவதுக்குச் செத்தவை."

"அருந்ததி, போதும்" என்று அருமைநாயகி அதட்டினாள். "வயித்திலை பிள்ளையோடை ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு முன்னாலை இதெல்லாம் என்ன கதை?"

அருந்ததி நிறுத்தினாள். வினோஜா மடியில் ஊற்றிய கூழைத் துடைத்தாள். எழும்பி வந்து மாமியோடு ஒட்டி இருந்துகொண்டு, தொலைபேசியின் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

"அவருக்குக் கேக்கட்டும். நீங்கள் ஆறுதலாச் சொல்லுங்கோ மாமி."

மறுபக்கத்தில் நிருஷன், "ஓம் அம்மா, சொல்லுங்கோ" என்றான். அவன் குரல் பள்ளிக்கூடப் பொடியனின் குரலாக மாறியிருந்தது. அவள் சொல்லிக்கொண்டே போனாள். பங்கருக்குள் எப்படிக் குந்தி இருக்க வேண்டும், காதைப் பொத்தினாலும் வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும், பயத்தில் சாப்பாடு இறங்காவிட்டாலும் இரண்டு வாய் விழுங்கிக்கொள்ள வேண்டும். நாங்கள் எல்லாரும் ஒருகாலத்தில் அறிந்து, பிறகு மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்த எல்லாவற்றையும் சொன்னாள்.

அழைப்பு முடிந்ததும் நான் அவளைத் தனியாக முற்றத்தில் பிடித்தேன். கோபத்தோடுதான் பிடித்தேன்.

"ஏன் பிள்ளை அவனை இப்பிடிப் பயப்பிடுத்துறாய்? ஒண்டும் நடக்காமலும் போகலாம்."

"போகட்டும் அண்ணை. நடக்காமல் போனால் இன்னும் ஆயிரம் தேங்காய் அடிக்கிறன்." வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவருக்குச் சொல்ல எனக்கு நேரம் கிடைக்கேல்லை. சவுக்காரம் இல்லையெண்டு மட்டும்தான் சொன்னனான். அவர் சிரிச்சார், நானும் சிரிச்சிட்டு விட்டிட்டன்."

அவளை விட்டுவிட்டு ஒழுங்கையில் இறங்கி நடந்தேன். எங்கே போகிறேன் என்று யோசிக்கவில்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வீடுகளுக்குள் கூழும் கொழுக்கட்டையும் மணத்தது. சந்திக் கடையில் புதுச் சரக்கு வந்திருந்தது, கூட்டம் இல்லை. கடைக்காரர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "என்ன அண்ணை வேணும்?" என்று கேட்டார்.

எங்கள் அலுமாரியில் இனி ஒரு கட்டி வைக்கவும் இடமில்லை. அது எனக்குத் தெரியும்.

"சவுக்காரம்" என்றேன். "ஒரு பெட்டி."

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் எடுத்து வந்தார். நான் அதைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது, பாண் வாங்க வந்து எனக்குப் பின்னால் நின்ற பெண் என் கையைப் பார்த்தாள், பிறகு கடைக்காரரைப் பார்த்தாள்.

"பாண் இருக்கட்டும்" என்றாள். "எனக்கும் ஒரு பெட்டி எடுங்கோ."